சனிக்கிழமை மாத்திரை

தன் உடம்புக்குள் ஈஸ்ட் வளர்கிறது என்று தெரிந்த மறுநாளே செந்தூர்பாண்டி அண்ணாச்சி பேக்கரியில் பன் போடுவதை நிறுத்திவிட்டார்.

ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வியாதி வருகிறது. உப்பளத்தில் நிற்கிறவருக்குக் கண் கூசும், லாரி ஓட்டுகிறவருக்கு இடுப்பு பிடிக்கும். அதிலெல்லாம் ஒரு நியாயம் இருக்கிறது. காலமெல்லாம் ஈஸ்ட்டைக் கரைத்துப் பிழைத்த மனிதருக்கு அதே ஈஸ்ட் மூத்திரத்தில் வந்து உட்கார்ந்தால் அது என்ன நியாயம்? அவருக்குப் புரியவில்லை. சொல்லப்போனால் அந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு எதுவுமே புரியவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில், ஏற்கெனவே சுகருக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அவருக்கு ஒரு நாள் மூத்திரம் அடைத்துக்கொண்டது. பிராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்றார்கள். குழாய் போட்டு, அதன் நுனியில் ஒரு பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன ஆபரேஷன் செய்தால் குழாயை எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் மூத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்த்தால் ஈஸ்ட். கூடவே காய்ச்சல், அடிவயிற்றில் எரிச்சல். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று.

குழாய் போக வேண்டும், அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் எல்லாரும் டீயும் பன்னும் தின்ன நிற்கிற கடை அது. முதலாளியாகக் கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர், இப்போது வேட்டிக்குள் பையை மறைத்துக்கொண்டு எழுந்திருக்கவே பயந்தார். எவனாவது, “என்ன அண்ணாச்சி, ஒக்காந்த எடத்துலயே இருக்கிய?” என்று கேட்டுவிட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். எந்நேரமும் மூத்திர வாடை அடிக்கிற மாதிரி ஒரு சந்தேகம் வேறு. மக்ரூன் வேகும் வாசனையில் யானையே நின்றாலும் தெரியாது. அது அவருக்கு எங்கே புரிகிறது?

டாக்டர் ரேச்சல் நாசரேத்துப் பெண். வாத்தியார் குடும்பம், பேச்சிலேயே தெரியும். ஒரு விஷயத்தைச் சொன்னால் எதிரே இருக்கிறவருக்கு விளங்கியதா என்று நின்று பார்ப்பார். அண்ணாச்சிக்கு அந்தப் பார்வைதான் சங்கடம். தன் மகள் வயசுப் பெண் தன் மூத்திரத்தைப் பற்றிப் பேசும்போது எங்கே பார்ப்பது? அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தே பதில் சொன்னார்.

“குழாய் வச்சிருக்கவங்க நிறையப் பேருக்கு மூத்திரத்துல ஈஸ்ட் இருக்கும், அண்ணாச்சி. தொந்தரவு இல்லன்னா அத நாங்க கண்டுக்கிறதே இல்ல. உங்களுக்குக் காய்ச்சல் இருக்கு, ஆபரேஷனும் பண்ணணும். அதனால மாத்திரை தாரேன், தினமும் போடணும். இதுக்கு முன்னால இதுக்கு மாத்திரை ஏதாவது எடுத்திருக்கீங்களா?”

“இதுக்கா? இல்ல, டாக்டரம்மா.”

சத்தியமான பதில். இது வந்ததே இப்போதுதான், முன்னால் எப்படி மாத்திரை எடுத்திருக்க முடியும்? அவர் கேட்க நினைத்த கேள்வி வேறு. ‘இது என் கடை ஈஸ்ட்தானா?’ அது தொண்டைவரை வந்து, காலண்டரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

மில்லர்புரத்து வீட்டுக்கு வந்ததும் மனைவி முத்துக்கனி அந்தக் கேள்வியைப் பட்டென்று உடைத்தாள்.

“மாவுல வச்ச கையக் கழுவாம ஒண்ணுக்குப் போவியளோ என்னமோ. வேற எப்படி வரும்?”

“ஏளா, நான் மாவுல கை வச்சே வருசமாச்சு. டிக்சன்லா பிசையுதான்.”

“அந்தக் காத்தத்தான சுவாசிக்கிய.”

காற்று மூக்கு வழியாகப் போய் எந்தப் பாதையில் இறங்கி அங்கே சேரும் என்று அண்ணாச்சி படுத்துக்கொண்டு யோசித்தார். வழி பிடிபடவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் டிக்சனைக் கூப்பிட்டார். டிக்சன் ஆலந்தலைக்காரன், பன்னுக்கும் ரொட்டிக்கும் மாஸ்டர். அவன் பிசைந்த மாவு எழும்புவதைப் பார்த்தால் தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பேக்கரியின் சமையல்கட்டை அவன் தன் ஊர் வழக்கப்படி குசினி என்பான்.

“ஏலே டிக்சன், இனி பன் வேண்டாம். ரொட்டியும் வேண்டாம். மக்ரூன் மட்டும் போடுவோம். அதுக்கு முட்டையும் சீனியும் முந்திரியும் போதும். குசினிக்குள்ள ஈஸ்ட் வரப்படாது.”

டிக்சன் கையைத் துடைத்துக்கொண்டான். “மக்ரூனுக்கு வேற மாஸ்டர் இருக்காரே, அண்ணாச்சி. அப்ப நான்?”

“பாப்போம்லே” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை குடும்பத்து அடுப்பு அணைகிறது என்பதை முதலாளிமார் யோசிப்பதில்லை. இவரும் யோசிக்கவில்லை. அவருக்கு அவர் குழாய்.

பெட்டியில் மீந்திருந்த ஈஸ்ட் பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டார்கள். பெரிய அடுப்பு குளிர்ந்தது. லாரிக்காரர்கள் மக்ரூனைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பசிக்கு மக்ரூன் தின்ன முடியுமா? எதிர்ச்சாரிக் கடைக்கு நகர்ந்தார்கள்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் நின்றதா என்றால் இல்லை. டாக்டர் கொடுத்த ரோஸ் மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கினார். எரிச்சல் அப்படியே இருந்தது. மறுபடி சோதித்தால் அதே ஈஸ்ட், முன்னைவிடத் தாராளமாக. ஒரு நாள் காலையில் உடம்பு தூக்கிப் போட்டது. முத்துக்கனி பயந்துபோய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தாள்.

டாக்டர் ரேச்சல் அவர் இடுப்பில் தட்டிப் பார்த்தார். வலித்தது. டாக்டர் முகம் மாறியதைக் காலண்டர் இல்லாத அந்த அறையில் அவர் பார்க்க வேண்டியதாயிற்று.

“கிட்னிப் பக்கம் ஏறுதோன்னு நினைக்கேன். இனி விளையாட்டு இல்ல, அண்ணாச்சி. ரத்தத்துல கலந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. இது எந்த மருந்துக்கு அசையும்னு பாக்க மதுரைக்கு அனுப்பியிருக்கேன், ரிப்போர்ட் வரக் கொஞ்ச நாளாகும். எனக்கென்னமோ மருந்துக்குப் பழகிருச்சோன்னு ஒரு சந்தேகம்.”

“எனக்கா? நான் எதுக்கும் பழகினவன் கிடையாது, டாக்டரம்மா. வெத்தலகூடப் போட மாட்டேன்.”

“உங்களுக்கு இல்ல, அதுக்கு. அந்த ஈஸ்ட்டுக்கு.”

மாத்திரையை விழுங்குவது நான், பழகுவது அதுவா? அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. காய்ச்சலாலா, கேட்ட பேச்சாலா என்று பிரிக்க முடியவில்லை.

“ஆனா நீங்க இதுக்கு முன்னால இந்த மருந்தே எடுக்கலைங்கீங்க. புதுசா எடுக்கிறவங்களுக்கு இப்படி ஆகிறது குறைச்சல். ஒருவேளை அளவு பத்தலையோ என்னமோ. ரிப்போர்ட் வரட்டும், அதுவரைக்கும் அதே மாத்திரைய ரெண்டு மடங்காக் கூட்டிப் பாப்போம்.”

டாக்டர் இதைச் சொல்லி முடிக்கவும் கதவைத் தள்ளிக்கொண்டு டிக்சன் வரவும் சரியாக இருந்தது. ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் மடித்த காகிதப் பொட்டலம். தலையில் எண்ணெய் வழிய, அப்போதுதான் குளித்து வந்திருந்தான். பன் நின்றதிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. திருச்செந்தூரில் ஒரு கடையில் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்கத்தான் வந்திருந்தான். ஆனால் அண்ணாச்சி கிடந்த கிடையைப் பார்த்ததும் கேட்க வந்ததை விழுங்கிவிட்டான்.

“அண்ணாச்சி, டீ கொண்டாந்திருக்கேன். மாத்திரையும் கொண்டாந்தேன். இன்னைக்குச் சனிக்கிழமல்லா. இங்கன யாரு ஞாபகமாத் தரப்போறான்னு...” பொட்டலத்தைப் பிரித்து, அட்டையோடு ஒரு வெள்ளை மாத்திரையை நீட்டினான்.

“அது என்ன மாத்திரை?” என்றார் டாக்டர்.

அண்ணாச்சி காலண்டரைத் தேடினார். டிக்சன் தரையைப் பார்த்தான்.

அந்த மாத்திரையின் கதை பேக்கரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த கதை. அடுப்புப் பக்கம் நின்று வேர்த்து நனைகிறவர்களுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வராமல் இருக்காது. அண்ணாச்சிக்கும் ஒரு காலத்தில் வந்தது. தோல் டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒரு மாத்திரை, இத்தனை வாரம் விடாமல் போடு என்று எழுதிக்கொடுத்தார். பாதியிலேயே அரிப்பு நின்றது, அண்ணாச்சியும் நின்றுவிட்டார். மிச்ச மாத்திரையை என்ன செய்ய? அரிப்பில் நெளிந்துகொண்டிருந்த பையன்களுக்குக் கொடுத்தார். அவர்களுக்கும் கேட்டது. அதிலிருந்து அவரே தன் செலவில் வாங்கி, குசினியில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, டீயோடு ஆளுக்கு ஒன்று. அரிப்பு நின்றால் நிறுத்துவது, வெயிலிலோ மழை ஈரத்திலோ திரும்பி வந்தால் திரும்பப் போடுவது. வருஷக்கணக்காக இப்படித்தான். அதை யாரும் மருந்து என்று நினைக்கவே இல்லை. எண்ணெய்க் குளியலோடு சேர்ந்த ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

இதைப் போய் ஒரு பெண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவர் மூத்திரத்துக்கு மாத்திரை எடுத்தாயா என்றுதானே கேட்டார், தொடைக்கு எடுத்தாயா என்றா கேட்டார்?

முத்துக்கனிக்குப் பொறுக்கவில்லை. “தொடையிடுக்குல படை, டாக்டரம்மா. இவியளுக்கு மட்டுமில்ல, கடையில அம்புட்டுப் பேருக்கும். சனிக்கிழமைக்கு சனிக்கிழமை இந்த மாத்திரை. உயிரு போற நேரத்துல இவியளுக்கு என்ன வெக்கமோ!”

டாக்டர் ரேச்சல் மாத்திரையை வாங்கி, அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, நான் தந்ததும் இதும் ஒரே மருந்து.”

“எப்படி, டாக்டரம்மா? அது ரோஸு. இது வெள்ளை.”

“கம்பெனி வேற, பேரு வேற, கலர் வேற. உள்ள இருக்கிறது ஃப்ளுகோனசோல், ரெண்டுலயும்.”

அண்ணாச்சி வெள்ளை மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் வாங்கி, தன் கையால் எல்லோருக்கும் கொடுத்தது. அதுவா இது?

“உங்க உடம்புல ஈஸ்ட் முன்னாலயும் கொஞ்சம் இருந்திருக்கும், எல்லார் உடம்புலயும் இருக்கும். நீங்க இந்த மருந்தப் போடுவீங்க, பாதியில விடுவீங்க. சாகிற ஈஸ்ட் செத்துப்போகும். சாகாதது தங்கும். தங்கினது பெருகும். இப்படியே வருசக்கணக்கா. இப்ப உங்க மூத்திரப்பையில இருக்கிறது பூரா இந்த மருந்துக்குத் தப்பிச்சதோட வம்சமாத்தான் இருக்கும்.”

காய்ச்சலின் மூட்டத்துக்குள் அண்ணாச்சிக்கு முதல்முறையாக ஏதோ ஒன்று பிடிபட்டது. “நாளைக்கு வேணும்னு ஒரு பிடி பழைய மாவ எடுத்து வைப்போம், டாக்டரம்மா. அடுத்த நாள் மாவு பூரா அதுல இருந்து எழும்பிரும். அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான். அந்தப் பழைய மாவு இப்ப உங்க குழாய்க்குள்ளயும் ஒட்டியிருக்கு. அதையும் மாத்தணும்.” டாக்டர் எழுந்தார். “மடங்கு கூட்டுறது வேண்டாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இன்னைக்கே வேற மருந்து ஏத்திருவோம். பழைய மருந்து, கொஞ்சம் முரட்டு மருந்து. கிட்னிய தினமும் பாத்துக்கிட்டே கொடுக்கணும். அப்புறம் உங்க சுகர் மாத்திரை... அது நல்ல மாத்திரைதான். ஆனா சீனிய மூத்திரத்துல இறக்கி விடுது. உங்களுக்கு இப்ப அது வேண்டாம், வேற தாரேன்.”

வெதுவெதுப்பு, ஈரம், சீனி. மாவு எழும்ப வேண்டியதெல்லாம் தன் வயிற்றுக்குள் தானே ஏற்பாடு செய்து கொடுத்திருப்பது அண்ணாச்சிக்கு உறைத்தது. உறைத்ததும் தொண்டையில் கிடந்த கேள்வி தானாக வெளியே வந்து விழுந்தது.

“அப்ப என் கடை ஈஸ்ட்?”

“கடை ஈஸ்ட்டா?” டாக்டருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அது வேற இனம், அண்ணாச்சி. உங்க பன்னுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

டிக்சன் பிளாஸ்க்கைக் கீழே வைத்தான். “அப்ப நாளைக்கு மாவு பிசையட்டா, அண்ணாச்சி?” என்றான். திருச்செந்தூரைப் பற்றி அவன் பிறகு பேசவே இல்லை.

அந்த முரட்டு மருந்து முரட்டு மருந்துதான். பேர் ஆம்ஃபோடெரிசின். அண்ணாச்சிக்கு அது வாயில் நுழையவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும்போது உடம்பு நடுங்கும். கம்பளி போட்டு முத்துக்கனி காலைப் பிடித்துக்கொள்வாள். தினமும் ரத்தம் எடுத்து, கிட்னி தாங்குகிறதா என்று பார்த்தார்கள். பழைய குழாயை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். குமட்டலில் கஞ்சிகூட இறங்கவில்லை. செத்துப்போவோம் என்றுதான் நினைத்தார். டாக்டரிடமே அதைச் சொன்னார், காலண்டரைத் தேடாமல். டாக்டர் அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, “ஈஸ்ட்டு சாகட்டும், நீங்க இருங்க” என்றார்.

காய்ச்சல் இறங்கியது. இடுப்பு வலி விட்டது. மதுரையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. ரோஸ் மாத்திரைக்கும் வெள்ளை மாத்திரைக்கும் அது அசையாது என்றுதான் அதிலும் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி சோதித்தபோது மூத்திரத்தில் எதுவும் வளரவில்லை. ஆபரேஷனும் ஆயிற்று. குழாயை எடுத்த பிறகு முதல்முறையாகத் தானே நின்று மூத்திரம் போன செந்தூர்பாண்டி அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உடம்பு தேறி அவர் கடைக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமையாக அமைந்தது. பெரிய அடுப்பு கனன்றது. லாரிக்காரர்கள் திரும்ப வந்திருந்தார்கள். ஒவ்வொருவனையும் பார்த்து, எழுந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு நேரே குசினிக்குப் போனார். அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்து மாத்திரையையெல்லாம் கொட்டிவிட வேண்டும், பையன்களை ஒழுங்காக ஒரு தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தார்.

டின்னைத் திறந்தால் காலி.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால்தான் புதுசாக வாங்கிப் போட்டிருந்தார். “எங்கலே மாத்திரை?” என்று கேட்டார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாவு மேஜைக்குப் பின்னாலிருந்து டிக்சன் மெல்ல வந்தான்.

“நாந்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன், அண்ணாச்சி. பிலோமினாவுக்கு.”

பிலோமினா டிக்சனின் மனைவி. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வந்து மக்ரூன் பெட்டி கட்டித் தருகிற பெண்.

“அவளுக்கு என்னலே?”

டிக்சன் குரலைத் தாழ்த்தினான். “பொம்பளயளுக்கு வாரதுதான், அண்ணாச்சி. அரிப்பு, மூத்திரக் கடுப்பு. நம்ம டின்னுல இருந்துதான் அப்பப்ப கொண்டு போய்க் குடுப்பேன். மொதல்ல ஒண்ணு போட்டா நின்னுரும். அப்புறம் ரெண்டு போட்டாதான் நின்னுச்சு. இப்ப எத்தன போட்டாலும் கேக்க மாட்டேங்கு. நேத்துல இருந்து காய்ச்சல்.”

“ஏலே, ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அம்புட்டையும் சொன்னாவள்லா? நீயும் அங்கனதான நின்ன?”

“அது உங்களுக்குச் சொன்னதுன்னுல்லா நெனச்சேன்.” டிக்சன் உண்மையாகவே குழம்பிப்போய் நின்றான். “எந்த அரிப்புக்கும் இது ஒண்ணு போதும்னு நீங்கதான சொல்லித் தந்திய, அண்ணாச்சி.”

அண்ணாச்சி தன் கையைப் பார்த்தார். புண்ணியம் என்று நினைத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த கை. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“யாருக்குப் போடுதிய?” டிக்சன் பதறினான். “வேண்டாம் அண்ணாச்சி, பையனுவ நிக்கானுவ. பொம்பள விசயம். அவ கேட்டா நாண்டுக்கிட்டுச் செத்துருவா.”

“நானும் அப்படித்தாம்லே வாய மூடிட்டு இருந்தேன். போயி அவளக் கூட்டியா. இன்னொரு மாத்திரை போடப்படாதுன்னு சொல்லு.”

மறுமுனையில் டாக்டர் ரேச்சலின் குரல் கேட்டது. அடுப்பு இரைச்சலில் காதில் விழாதோ என்று அண்ணாச்சி தொண்டையைத் திறந்து பேசினார். குசினி முழுக்கக் கேட்டது, வாசலில் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற லாரிக்காரர்களுக்கும் கேட்டது. மூத்திரம் என்றார், அரிப்பு என்றார், வெள்ளை மாத்திரை என்றார், யார் மனைவி என்பதை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உடனே கூட்டி வரச் சொன்னார். பிறகு ஒன்று கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு இந்த மாத்திரைய எந்த டாக்டர் கொடுத்தாங்க?”

“டாக்டர் இல்ல, டாக்டரம்மா,” என்றார் அண்ணாச்சி. “நாந்தான் குடுத்தேன்.”